பிழையைப் பங்கிடுதல்: செதுக்கல், புள்ளி, அதிகாரம்

1

கீழத்தஞ்சையில் ஒரு சிறிய படிப்பகம். இறந்துபோன விவசாயத் தொழிலாளர் சங்கத் தோழர் ஒருவரின் முகத்தை மரப்பலகையில் பொறித்து அங்கே மாட்டுவது என்று நண்பர்கள் முடிவு செய்தார்கள். அவருக்கென்று இருந்தது ஒரே ஒரு புகைப்படம். ஏதோ அட்டைக்காக எடுத்த, ஓரம் மடங்கிய படம். பக்கத்து ஊர் இளைஞர் ஒருவர் சின்ன லேசர் எந்திரம் ஒன்றை வாங்கி, திண்ணையை ஒட்டிய அறையில் வைத்திருக்கிறார். ஆசைக்கு வாங்கியது. பெயர்ப்பலகை, சாவிக்கொத்து என்று எப்போதாவது வேலை வரும். அவரிடம் படத்தைக் கொடுத்தோம். இரண்டு மணி நேரம் கழித்துப் பலகை கைக்கு வந்தது. மூக்குக்கண்ணாடியின் விளிம்பு இரட்டைக் கோடாக விழுந்திருந்தது. நெற்றியின் குறுக்கே பட்டை பட்டையாக வரிகள். மற்றபடி முகம் ஒரே கறுப்புத் திட்டு. தோழரின் மனைவி பலகையை வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இது அவரு இல்லியே தம்பி" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

அந்த அறையில் அப்போது நாலு பேர் இருந்தோம். நாலு பேரும் நாலு காரணம் சொன்னோம். போட்டோ பழசு என்றார் ஒருவர். மிஷின் மட்டம் என்றார் இன்னொருவர். பலகை சரியில்லை என்றேன் நான். நாலாவது காரணத்தை அந்த இளைஞரே சொன்னார்: "எனக்குத்தாங்க செட்டிங் சரியாத் தெரியல." இந்த நாலாவது காரணத்தை மற்ற மூன்று பேரும் உடனே ஏற்றுக்கொண்டோம். ஒருவர்கூட மறுத்துப் பேசவில்லை. ஏன் அவ்வளவு சுலபமாக ஏற்றுக்கொண்டோம் என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

ஓர் உருவம் ஒரு பரப்பில் சரியாக விழவில்லை என்றால் பிழை எங்கே இருக்கிறது என்று தேடுவது தொழில்நுட்ப விஷயமாகத்தான் தோன்றும். ஆனால் செதுக்கலின் வரலாற்றைப் புரட்டினால் வேறொன்று தெரிகிறது. சிலரிடம் பிழை நேர்ந்தால் அது அவர்களுடைய குறையாகப் பதிவாகிறது. வேறு சிலரிடம் அதே பிழை நேர்ந்தால் அது ஆராய்ச்சிக்குரிய பிரச்சினையாகிறது. இந்தப் பிரிவினை எப்படி நடந்தது என்பதற்கு நமக்கு நன்றாகத் தெரிந்த ஒரு நகரம் சாட்சியாக இருக்கிறது. அது கல்கத்தா.

2

1778இல் ஹூக்ளியில் நதானியல் ஹால்ஹெட்டின் வங்காள இலக்கண நூல் அச்சானது. அதற்கான வங்காள எழுத்துகளை உருவாக்கும் பொறுப்பு கிழக்கிந்தியக் கம்பெனி ஊழியரான சார்லஸ் வில்கின்ஸிடம் இருந்தது. அவரோடு சேர்ந்து எஃகில் எழுத்து வெட்டியவர் பஞ்சானன் கர்மகார். பெயரிலேயே தொழில் இருக்கிறது. கர்மகார் என்றால் கொல்லர். ஹால்ஹெட் தன் முன்னுரையில் வில்கின்ஸை வாய் நிறையப் புகழ்கிறார். உலோக வேலை, செதுக்கு வேலை, வார்ப்பு வேலை, அச்சு வேலை எல்லாவற்றையும் அவர் ஒருவரே தலையில் போட்டுக்கொண்டு செய்ததாக எழுதுகிறார். பஞ்சானனின் பெயர் அந்த முன்னுரையில் இல்லை. பிற்பாடு செராம்பூர் மிஷன் அச்சகத்தின் இந்திய மொழி எழுத்துகள் பலவும் அவர் கையாலும் அவருடைய மருமகன் மனோகர் கையாலும் உருவாயின.

எழுத்துக்கு அடுத்தது படம். 1816இல் கங்காகிஷோர் பட்டாச்சார்யா வெளியிட்ட 'அன்னதாமங்கள்' பதிப்பில் செதுக்குப் படங்கள் இடம்பெற்றன. வங்காளத்தின் முதல் படப்புத்தகம் என்று அதைச் சொல்வார்கள். அதன் பிறகு வடகல்கத்தாவின் பட்தலா பகுதியில் மரக்கட்டை அச்சுப் படங்கள் ஒரு தொழிலாகவே வளர்ந்தன. பஞ்சாங்கம், சாமி படம், சந்தி சிரிக்கும் கொலை வழக்குகளைப் பற்றிய மலிவுப் பதிப்புகள் எல்லாவற்றுக்கும் கட்டை வெட்டியவர்களில் கர்மகார், ஸ்வர்ணகார் என்று கைத்தொழிலைப் பின்னொட்டாகக் கொண்ட பெயர்கள் இருந்தன. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பட்தலாக் கலைஞர்களில் பலர் படத்திலேயே தங்கள் பெயரை வெட்டிவைத்தார்கள். முன்னுரையில் இடம் கிடைக்காதவர்கள் கட்டையிலேயே இடம் எடுத்துக்கொண்டார்கள் என்று இதை வாசிக்கலாம்.

மரக்கட்டைக்கு ஓர் அடிப்படை நிபந்தனை உண்டு. மேடாக நிற்கும் இடம் மையை வாங்கும், பள்ளமான இடம் வாங்காது. நடுவில் சாம்பல் என்று எதுவும் கிடையாது. சாம்பல் வேண்டுமென்றால் செதுக்குகிறவர் கோடுகளை நெருக்கியும் விலக்கியும் கண்ணை ஏமாற்ற வேண்டும். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தின் நியூகாசிலில் தாமஸ் பியூயிக், மரத்தின் குறுக்குவெட்டுப் பரப்பில் நுண்ணுளியால் செதுக்கி இந்த வித்தையை வெகுதூரம் கொண்டுபோனார். 19ஆம் நூற்றாண்டில் புகைப்படம் வந்த பிறகும் பத்திரிகையில் அதை அச்சடிக்க முடியவில்லை. மறுபடியும் ஒரு செதுக்குகிறவர்தான் அதைக் கோடுகளாகப் பெயர்க்க வேண்டியிருந்தது. கன்னத்தின் நிழலுக்கு எத்தனை கோடு, எந்தச் சாய்வில் என்பதெல்லாம் அவர் எடுத்த முடிவுகள். அதாவது ஒவ்வொரு செதுக்கலும் ஒரு வாசிப்பு. ஆனால் அச்சான படத்தில் முகம் கோணிப்போனால், 'வாசிப்பு வேறுபட்டது' என்று யாரும் சொல்லவில்லை. 'கட்டை வெட்டியவன் கெடுத்துவிட்டான்' என்றார்கள்.

புகைப்படம் வந்ததும் உருவ மறுஉற்பத்தியின் முக்கியமான பொறுப்புகளிலிருந்து கை விடுபட்டது, அந்த இடத்துக்குக் கண் வந்தது என்று வால்டர் பெஞ்சமின் தன்னுடைய புகழ்பெற்ற கட்டுரையில் எழுதினார். நம்முடைய சிறுபத்திரிகைகளில் பலமுறை எடுத்தாளப்பட்ட கருத்து இது. அச்சகத்தின் பின்கட்டிலிருந்து பார்த்தால் இது பாதி உண்மைதான். கை எங்கும் போகவில்லை. புகைப்படத்துக்கும் அச்சுக்கும் நடுவில், அமிலத் தொட்டி இருக்கும் அறைக்குள் அது தள்ளப்பட்டது. அங்கே கண்ணாடித் தகட்டுக்கு மருந்து பூசி, துத்தநாகத்தை அரித்து, பிளாக் செய்துகொண்டு இருந்தது.

3

1890களின் நடுப்பகுதி. உபேந்திரகிஷோர் ராய் குழந்தைகளுக்காக ராமாயணத்தை வங்காளத்தில் எழுதி, படங்களும் தானே வரைகிறார். மரக்கட்டையில் வெட்டப்பட்டு அச்சான படங்களைப் பார்த்தவருக்கு மனசு கசந்துபோகிறது. அவர் வரைந்தது அதில் இல்லை. அந்தம்மா பலகையைப் பார்த்துச் சொன்ன வார்த்தையைத்தான் அவரும் உள்ளுக்குள் சொல்லியிருக்க வேண்டும்.

உபேந்திரகிஷோர் 1863இல் மைமன்சிங் மாவட்டத்தின் மசூவா கிராமத்தில் பிறந்தவர். சிறு வயதில் ஒரு ஜமீன்தார் உறவினருக்குத் தத்துப் போனார். பி.ஏ. பட்டதாரி, பிரம்ம சமாஜி, ஓவியர், வயலின் வாசிப்பவர். கெட்டுப்போன படங்களுக்காக இன்னொரு கட்டை வெட்டுபவரைத் தேடி அவர் போகவில்லை. லண்டனின் பென்ரோஸ் கம்பெனியிலிருந்து கேமரா, லென்ஸ், மருந்துகளை வரவழைத்தார். 1895இல் வீட்டிலேயே தொழிற்கூடம் தொடங்கினார். பின்னாளில் அது யு.ராய் அண்ட் சன்ஸ் ஆனது. அவர் கையில் எடுத்தது அப்போது ஐரோப்பாவிலேயே இன்னும் முழுசாகப் பிடிபடாத ஒரு விஷயம்: ஆஃப்டோன் பிளாக்.

ஆஃப்டோன் என்றால் என்ன? மைக்குச் சாம்பல் தெரியாது என்ற பழைய நிபந்தனையை, கோடுகளுக்குப் பதில் புள்ளிகளால் சமாளிப்பது. வெளிர்ந்த இடத்தில் சிறு புள்ளி, கறுத்த இடத்தில் பெரும் புள்ளி, தூரத்தில் நின்று பார்க்கும் கண்ணுக்குச் சாம்பல். வலைத்துணியை இடையில் வைத்து இதைச் செய்யலாம் என்ற யோசனை 1852இல் ஃபாக்ஸ் டால்பாட் வாங்கிய காப்புரிமையிலேயே இருக்கிறது. 1880 மார்ச் 4இல் நியூயார்க்கின் 'டெய்லி கிராஃபிக்' நாளிதழ் ஒரு புகைப்படத்தை இந்த வகையில் அச்சிட்டது. 1882இல் மியூனிக்கின் ஜார்ஜ் மைசன்பாக் ஒரு முறைக்குக் காப்புரிமை பெற்றார். பிறகு, நுண்கோடு கிழித்த இரண்டு கண்ணாடிகளைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டிய திரையைக் கேமராவுக்குள், ஒளித்தகட்டுக்குச் சற்று முன்னால் வைக்கும் முறை நிலைபெற்றது.

பிரச்சினை அந்தச் 'சற்று முன்னால்' என்பதில்தான் இருந்தது. எவ்வளவு முன்னால்? தொழிலாளர்கள் கைப்பழக்கத்தில் ஒரு தூரம் வைத்தார்கள். சில படங்களில் வெளிச்சப் பகுதி வெளுத்துப்போகும், சிலவற்றில் நிழல் பகுதி அடைத்துக்கொள்ளும். ஏன் என்று கேட்டால், 'அது அப்படித்தான்.' 1897இல் 'பென்ரோஸ் ஆண்டு மலர்' என்று பின்னாளில் புகழ்பெற்ற லண்டன் ஆண்டிதழில் உபேந்திரகிஷோர் எழுதிய கட்டுரையின் விஷயமே இதுதான்: திரையை ஃபோகஸ் செய்வது. 1898இல் ஆஃப்டோன் புள்ளியின் கோட்பாடு பற்றி எழுதினார். 1912 வரை தொடர்ந்து எழுதினார். திரையின் தூரத்தைத் தானாகவே சரிசெய்வது, ஒளி விளிம்பில் வளைவதால் வரும் விளைவு, கோடுகள் 60 பாகையில் வெட்டிக்கொள்ளும் திரை, ஒரே படத்துக்கு லென்ஸில் பல துவாரங்களைப் பயன்படுத்துவது என்று ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டார்.

இதன் உள்ளே இருக்கும் தர்க்கத்தைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும். திரையின் ஒவ்வொரு சிறு கட்டமும் ஓர் ஊசித்துளைக் கேமராவைப் போல வேலை செய்கிறது. லென்ஸின் துவாரத்தைத் தகட்டின்மேல் குட்டிக் குட்டி ஒளிப்பொட்டுகளாக வீழ்த்துகிறது. ஒவ்வொரு பொட்டும் நடுவில் பிரகாசமாகவும் விளிம்பில் மங்கியும் இருக்கும். படத்தில் வெளிச்சம் அதிகமான இடத்தில் மங்கிய விளிம்பும் தகட்டில் பதிந்துவிடும், பொட்டு பெருக்கும். வெளிச்சம் குறைந்த இடத்தில் நடு மட்டும் பதியும், பொட்டு சிறுக்கும். (தகட்டில் பதிவது எதிர்ப்படம், அச்சில் இது தலைகீழாகும்.) இந்த விளிம்பு சரியான அளவில் மங்க வேண்டுமானால் நாலு அளவுகள் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். கேமரா நீளத்தைத் துவாரத்தின் விட்டத்தால் வகுத்தால் வரும் எண்ணும், திரையின் தூரத்தைக் கட்டத்தின் அகலத்தால் வகுத்தால் வரும் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். உதாரணத்துக்கு அங்குலத்துக்கு 133 கோடுகள் கொண்ட திரையில் ஒரு கட்டத்தின் அகலம் ஏறக்குறைய 0.095 மி.மீ. கேமரா நீளம் 640 மி.மீ., துவாரம் 10 மி.மீ. என்றால் விகிதம் 64. ஆகவே திரை இருக்க வேண்டிய தூரம் சுமார் 6 மி.மீ.

கணக்கு இவ்வளவுதான். ஆனால் இது செய்த காரியம் பெரியது. 'கைராசி' என்றும் 'பழக்கம்' என்றும் சொல்லப்பட்டதை இது எண்ணாக மாற்றியது. எண்ணாக மாறியதை யாரும் சரிபார்க்கலாம், யாரும் மறுக்கலாம். லண்டன் கையேடு சொல்கிற நேரமும் அளவும் கல்கத்தா வெளிச்சத்துக்குப் பொருந்தாமல் போனால், 'எனக்குத் தெரியல' என்று கல்கத்தாக்காரர் தலைகுனியத் தேவையில்லை. அட்டவணை தவறு, காரணம் இது என்று திருப்பிச் சொல்ல முடியும்.

4

லண்டனின் அச்சுத்தொழில் பத்திரிகைகள் அவரைப் பாராட்டின. அசல் சிந்தனையில் ஐரோப்பிய, அமெரிக்கத் தொழிலாளர்களைவிட முன்னால் இருப்பதாகக்கூட எழுதினார்கள். ஆனால் அந்தப் பாராட்டுக்குள்ளேயே ஒரு வியப்பும் இருந்தது: தொழிலின் மையங்களிலிருந்து இவ்வளவு தூரத்தில் இருந்துகொண்டு இதையெல்லாம் எப்படிச் செய்தார் என்று. மையம் என்பது பாராட்டும்போதும் தன் இடத்தை விட்டுக்கொடுப்பதில்லை.

அந்த வியப்பைத் திருப்பிப் போட்டுப் பார்க்க வேண்டும் என்பதே என் வாதம். தூரத்தில் இருந்ததால்தான் அவர் கோட்பாட்டுக்குப் போனார் என்று சொல்லலாம். லண்டனில் பிளாக் கெட்டால் தெருமுனையில் அனுபவசாலி ஒருவர் இருப்பார். கேட்டால் கையைப் பிடித்துச் சரிசெய்து கொடுப்பார். காரணம் தெரியாமலே வேலை ஓடும். கல்கத்தாவில் கேட்பதற்கு ஆளில்லை, கெட்டுப்போன பிளாக்கைத்தான் கேட்க வேண்டும். மையத்தில் இருப்பவருக்குப் பழக்கம் போதும். விளிம்பில் இருப்பவருக்குக் காரணம் தேவைப்படுகிறது.

இதோடு நிறுத்திக்கொண்டால் இது ஒரு தேசிய வெற்றிக் கதையாக முடிந்துவிடும். அப்படி முடிக்க எனக்கு விருப்பமில்லை. அதே கல்கத்தாவில், அதே பிழையை எதிர்கொண்ட இன்னொருவர் இருந்தார்: அந்த ராமாயணப் படங்களை மரத்தில் வெட்டியவர். இந்தக் கதை சொல்லப்படும் இடங்களில் அவர் பெயர் பொதுவாக வருவதில்லை. 'மோசமான செதுக்கல்' என்ற இரண்டு சொற்களாகவே அவர் வரலாற்றுக்குள் நுழைகிறார். அவருக்கும் காரணங்கள் இருந்திருக்கும். நீர்வண்ணத்தின் சாயலைக் கோடாக்கச் சொன்னால் மரம் கேட்காது என்பது அவருக்குத் தெரியாதா? கொடுத்த கூலிக்கு எத்தனை மணி நேரம் உளி பிடிக்க முடியும் என்ற கணக்கும் அவரிடம் இருந்திருக்கும். ஆனால் அந்தக் கணக்கை எந்த ஆண்டு மலருக்கு அனுப்புவது? எந்த மொழியில்? உபேந்திரகிஷோரிடம் ஆங்கிலம் இருந்தது, முதல் இருந்தது, கெட்டுப்போன தகடுகளைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி தொடங்கும் வசதி இருந்தது. பிழை செய்வதற்கும் ஒரு வசதி வேண்டும். அந்த வசதி உள்ளவருக்குப் பிழை சோதனையாகிறது. இல்லாதவருக்குப் பிழை கூலிப்பிடித்தம்.

இது உபேந்திரகிஷோரைக் குறைத்துப் பேசுவது அல்ல. 'பிரபாசி', 'மாடர்ன் ரிவியூ' போன்ற இதழ்களில் வங்காள ஓவியர்களின் படைப்புகள் வண்ணத்தில் பரவியதற்கு அவருடைய பிளாக்குகளின் பங்கு பெரியது. 1913இல் குழந்தைகளுக்கென்று 'சந்தேஷ்' தொடங்கினார். 1911இல் மகன் சுகுமார் ராய் பிளாக் தொழில் படிக்க இங்கிலாந்து போய், லண்டனிலும் மான்செஸ்டரிலும் பயின்று திரும்பினார். 1915இல் தந்தை இறந்தார், 1923இல் மகனும் இறந்துபோனார். சில ஆண்டுகளில் நிறுவனம் கைவிட்டுப் போனது. ஆனால் ஒன்று சொல்லியாக வேண்டும். பட்தலாக் கட்டைகளின் காலம் லித்தோகிராஃப் படங்களால் தேய்ந்து, ஆஃப்டோனோடு முடிந்தது. ஒருவர் பிழையிலிருந்து விடுபட்ட வழியில் பலர் வேலையிலிருந்து விடுபட்டார்கள்.

5

இப்போது எந்திரத்துக்கு வருவோம். கெட்டுப்போன அந்தப் பலகையைச் செதுக்கிய எந்திரத்துக்கும் ஒரு வம்சாவளி உண்டு. 1960இல் தியோடர் மைமன் முதல் லேசரை ஒளிரச் செய்தார். 1964இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கரியமில வாயு லேசரைக் கண்டுபிடித்தவர் குமார் பட்டேல். மகாராஷ்டிரத்தின் பாராமதியில் பிறந்து புனேயில் பொறியியல் படித்தவர். தொழிற்சாலைகளில் மரத்தையும் அக்ரிலிக்கையும் வெட்டும் லேசர்கள் பெரும்பாலும் அந்த வகை. வீட்டு மேசையில் வைக்கிற சின்ன எந்திரங்களில் பல, நீல ஒளி உமிழும் டயோடு லேசரால் இயங்குகின்றன. இரண்டுக்கும் அடிப்படை ஒன்றே: ஒளியை ஒரு பொட்டில் குவித்து, பரப்பைக் கருக்குவது. உளியின் இடத்தில் ஒளி வந்திருக்கிறது. ஆனால் பழைய நிபந்தனை அப்படியே இருக்கிறது. மரம் ஒன்று கருகும், இல்லாவிட்டால் கருகாது. சுமாராகக் கருக வைத்துச் சாம்பல் நிறம் எடுக்கலாம் என்றால் மரத்தின் ரேகை அதைக் கெடுத்துவிடும். மறுபடியும் புள்ளிதான்.

ஆனால் இது ஆஃப்டோன் புள்ளி அல்ல. ஆஃப்டோனில் இடைவெளி மாறாது, அளவு மாறும். லேசரில் பெரும்பாலும் அளவு மாறாது, நெருக்கம் மாறும். இதற்கான கணக்கை 1976இல் ராபர்ட் ஃபிளாய்டும் லூயிஸ் ஸ்டெயின்பெர்க்கும் வெளியிட்டார்கள். 'பிழைப் பரவல்' என்று அதற்குப் பெயர். படத்தின் ஒரு புள்ளி சாம்பலாக இருக்கிறது. எந்திரத்தால் கறுப்பு அல்லது வெள்ளைதான் போட முடியும். எதைப் போட்டாலும் கொஞ்சம் பிழை வரும். அந்தப் பிழையை 16 பங்காக்கி, வலப்பக்கத்துப் புள்ளிக்கு 7 பங்கு, கீழே இருப்பதற்கு 5, கீழே இடப்பக்கத்துக்கு 3, கீழே வலப்பக்கத்துக்கு 1 என்று கொடுத்துவிடுவது. அடுத்த புள்ளி தன் பிழையோடு இந்த வாரிசுப் பிழையையும் சேர்த்துக்கொண்டு தன் முடிவை எடுக்கும். இந்தக் கணக்கைப் படித்தபோதுதான் இந்தக் கட்டுரைக்குத் தலைப்பு கிடைத்தது. பிழை இங்கே அழிக்கப்படுவதில்லை, பங்கிடப்படுகிறது. எல்லோரும் கொஞ்சம் கொஞ்சம் சுமப்பதால் முகம் முகமாகத் தெரிகிறது. ஒரே ஒருவர் மேல் சுமத்தினால் அங்கே ஒரு கறை விழும்.

எங்கள் அறையில் நாங்கள் செய்தது அந்த இரண்டாவது காரியம். நாலு இடத்தில் இருந்த பிழையை ஒரே ஆள் மேல் இறக்கிவைத்தோம்.

அடுத்த வாரம் மறுபடி போனோம். இந்த முறை தீர்ப்பு சொல்வதில்லை, பலகையைக் கேட்பது என்று முடிவு. மூன்று குறைகள் இருந்தன, மூன்றையும் தனித்தனியாகப் பிரித்தோம்.

கண்ணாடி விளிம்பின் இரட்டைக் கோடு: எந்திரத்தின் தலை இடமிருந்து வலமாகவும் வலமிருந்து இடமாகவும் மாறி மாறி ஓடிச் சுடுகிறது. ஆணை வந்ததற்கும் ஒளி வந்ததற்கும் நடுவில் 1 மில்லி விநாடி தாமதம் என்று வைத்துக்கொள்வோம். விநாடிக்கு 100 மி.மீ. வேகத்தில் புள்ளி 0.1 மி.மீ. தள்ளிப்போகும். போகும்போது ஒரு பக்கம், வரும்போது மறுபக்கம். ஆக மொத்தம் 0.2 மி.மீ. ஒரு கோடு இரண்டாகத் தெரிய இது போதும். ஒரே திசையில் மட்டும் சுடச் சொல்லிப் பார்த்தோம். இரட்டைக் கோடு மறைந்தது. நேரம் கூடியது, அதனாலென்ன.

நெற்றியின் பட்டைகள்: எந்திரம் ஒரு வரி முடிந்து அடுத்த வரிக்கு நகரும் தூரம் ஒரே சீராக இல்லை. பக்கவாட்டுப் பெல்ட் தளர்ந்திருந்தது. சில வரிகள் ஒட்டிக்கொண்டு கறுத்தன, சில விலகிக்கொண்டு வெளுத்தன. இளைஞர் பெல்ட்டை இழுத்து முடுக்கினார்; உருளைகளில் படிந்திருந்த மரக்கரியைத் துடைத்தார். லென்ஸையும் துடைத்தார், அதன்மேல் புகை படிந்திருந்தது.

மூன்றாவதுதான் முகம். ஒரு பலகையைச் சாய்த்து வைத்து, அதன் குறுக்கே ஒரே கோட்டை நீளமாகப் போடச் சொன்னோம். பலகை சாய்ந்திருப்பதால் லென்ஸுக்கும் மரத்துக்கும் உள்ள தூரம் கொஞ்சம் கொஞ்சமாக மாறுகிறது. கோடு எங்கே மிக மெல்லியதாக இருக்கிறதோ அதுதான் சரியான தூரம். அவர் இதுவரை வைத்திருந்த தூரம் அது இல்லை. 1897இன் கட்டுரைக்கு என்ன விஷயமோ அதே விஷயம், இந்தத் திண்ணையில். பிறகு அந்த மெல்லிய கோட்டின் அகலத்தை அளந்தோம்: ஏறக்குறைய 0.1 மி.மீ. ஓர் அங்குலம் என்பது 25.4 மி.மீ.; ஆக ஓர் அங்குலத்துக்குள் 254 புள்ளிகள்தான் ஒன்றையொன்று மிதிக்காமல் இருக்க முடியும். எந்திரத்தோடு வந்த ஆயத்த அட்டவணையில் 'உயர்தரம்' என்ற தலைப்பில் 600 என்று இருந்தது. அதைத்தான் அவர் நம்பிப் போட்டிருந்தார். இரண்டு மடங்குக்கு மேல் புள்ளிகள் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து, நிழல் பகுதி முழுக்க அடைத்துக்கொண்டது.

இங்கே ஒரு நுட்பமான விஷயம் உண்டு. புள்ளிகள் ஒட்டிக்கொண்டால் எல்லா முகமும் ஒரே மாதிரி கெடுவதில்லை. வெளிர்ந்த முகத்தில் புள்ளிகள் விலகியே இருக்கும். கொஞ்சம் பெருத்தாலும் இடம் மிச்சமிருக்கும், சமாளித்துக்கொள்ளும். கறுத்த முகத்தில் புள்ளிகள் ஏற்கெனவே நெருங்கி நிற்கின்றன; கொஞ்சம் பெருத்தாலே கண்ணும் கன்னமும் மூக்கும் ஒன்றாகிவிடும். ஒரே எந்திரம், ஒரே அளவு, ஒரே பிழை. ஆனால் அந்தப் பிழையின் முழு எடையையும் தாங்குவது கறுத்த முகம். தோழரின் முகம் வெயிலில் கறுத்த முகம்.

இது புதிய அநீதி அல்ல. 20ஆம் நூற்றாண்டின் நடுவில் கோடக் கம்பெனி வண்ணப்பட அச்சுக்கூடங்களுக்கு அனுப்பிய மாதிரி அட்டைகளில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் முகம் இருந்தது. 'ஷர்லி அட்டை' என்றார்கள். அந்த முகம் சரியாக வந்தால் எந்திரம் சரி. மற்ற முகங்கள் சரியாக வராவிட்டால் அது அந்த முகங்களின் பிரச்சினை. ஆஃப்டோன்காரர்கள் இதைத் தங்கள் வழியில் உணர்ந்திருந்தார்கள். நிழல் பகுதி அடைத்துக்கொள்ளாமல் இருக்க, சிறிய துவாரத்தில் வெள்ளைத் தாளைக் காட்டித் தனியாக ஒரு முறை ஒளி கொடுப்பார்கள். வெளிச்சத்துக்கு ஒரு துவாரம், நிழலுக்கு ஒரு துவாரம். கறுப்புக்குத் தனிக் கவனம் வேண்டும் என்பதைத் தொழில் தெரிந்தவர்கள் சலுகையாகப் பார்க்கவில்லை, கணக்காகப் பார்த்தார்கள்.

6

எண்ணிக்கையை 254க்கு இறக்கினோம். படத்தின் நிழல் பகுதியை மட்டும் வெளிர்த்தோம். மரத்தையும் மாற்றினோம். முதல் பலகை ஒட்டுப்பலகை. அதில் உள்ளே பசை இருக்கும் இடம் ஒரு மாதிரியும் இல்லாத இடம் வேறு மாதிரியும் கருகும். அதற்கு முன்னால் சின்னத் துண்டு ஒன்றில், வேகத்தை ஒரு பக்கமும் வலுவை மறுபக்கமும் மாற்றிக் கட்டம் கட்டமாகச் சுட்டுப் பார்த்து, எந்தக் கட்டத்தில் கறுப்பு கரியாகாமல் நிற்கிறது என்று தேர்ந்தெடுத்தார் இளைஞர். எதை எப்போது மாற்றினார், என்ன விளைவு வந்தது என்பதை ஒரு பழைய நோட்டில் குறித்துக்கொண்டே வந்தார். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது என்ற முறையை யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை. இரண்டை ஒன்றாக மாற்றி ஏமாந்ததால் அவரே கண்டுகொண்டது.

அந்த நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். சாய்ந்த பலகைச் சோதனை, கோட்டின் அகலம், மரத்துக்கு மரம் வேறுபடும் வேகம், ஈரமான நாளில் வந்த மாற்றம். இதைக் கோட்பாடு என்று சொல்லத் தயங்குகிறோம், 'செட்டிங்' என்கிறோம். அவரும் அப்படியே சொல்கிறார். அறிவுக்கும் கைப்பழக்கத்துக்கும் நடுவில் நாம் போட்டிருக்கும் கோடு பெரும்பாலும் பட்டத்துக்கும் பட்டமின்மைக்கும், ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும், சாதிக்கும் சாதிக்கும் நடுவில் போடப்பட்ட கோடுதான். அறிவு அதிகாரத்தோடு சேர்ந்தே உற்பத்தியாகிறது என்று ஃபூக்கோவை மேற்கோள் காட்டிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறோம். ஓர் ஒர்க்ஷாப் நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு அதை யோசித்ததுண்டா? பஞ்சானனுக்கு முன்னுரையில் இடம் இல்லை. ராமாயணக் கட்டை வெட்டியவருக்குக் காரணம் சொல்ல வாய்ப்பில்லை. இந்த இளைஞருக்கு எந்திரத்தைத் திறந்துபார்க்க முடிகிறது, எண்ணை மாற்ற முடிகிறது, மறுபடி சுட முடிகிறது. இது பெரிய வித்தியாசம்தான். ஆனால் பழுது வந்ததும் 'எனக்குத்தாங்க தெரியல' என்று முதலில் சொல்ல வைக்கிற அந்தப் பழைய பயிற்சி இன்னும் போகவில்லை. அதை உடனே ஏற்றுக்கொள்ளும் நம்முடைய பயிற்சியும் போகவில்லை.

இரண்டாவது பலகை நாலு மணி நேரம் எடுத்தது. கண்ணாடிக்குப் பின்னால் கண் தெரிந்தது. கன்னத்தில் பழைய அம்மைத் தழும்பு தெரிந்தது. புகைப்படத்தில் அது இருந்ததையே நாங்கள் அதுவரை கவனித்திருக்கவில்லை. அந்தம்மா பலகையைத் தள்ளி வைத்துப் பார்த்தார், கிட்டே வைத்துப் பார்த்தார். "மீசை கொஞ்சம் பெருசா வந்திருக்கு" என்றார். அவர் குறை சொல்லத் தொடங்கியதும் எங்களுக்கு நிம்மதியானது. அடையாளம் தெரிந்த முகத்தில்தான் மீசையைப் பற்றிப் பேச முடியும்.

பலகையின் பின்புறத்தில் பெயரை எழுதச் சொன்னோம். இளைஞர் பென்சிலை எடுத்து வேகம், வலு, புள்ளி எண்ணிக்கை, தூரம் என்று நாலு எண்களை எழுதி நிறுத்திக்கொண்டார். "உங்க பேரு தம்பி" என்றேன். "என் பேரு எதுக்கு சார்?" என்றார். பட்தலாக்காரர்கள் கட்டையிலேயே பெயரை வெட்டிவைத்த கதையைச் சொன்னேன். கொஞ்சம் சிரித்துவிட்டு, எண்களுக்குக் கீழே சின்ன எழுத்தில் எழுதினார்.